பர்ன்லி வைத்தியரும் மை எழுதும் யந்திரமும்

சில மாத காலம் என் கிளினிக்கில் வந்து உட்கார்ந்து தொழில் பழகிய இளைஞர் ஒருவர், குடும்ப வைத்தியத்தில் மேற்படிப்பையும் இப்பொழுது முடித்துவிட்டவர், சென்ற வாரம் எனக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தார். பெங்களூரில் மருத்துவ மென்பொருள் தயாரிக்கும் கம்பெனி ஒன்று அவரை அழைக்கிறது. சம்பளமும் நல்ல சம்பளம். கணினியில் அவருக்கு இயல்பாகவே நாட்டமும் உண்டு. ஆனால் சொந்த ஊரில் ஒரு கிளினிக் வைத்துக்கொண்டு, தமக்குத் தெரிந்த ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. "சார், இரண்டில் ஒன்றை விட்டேதான் ஆகவேண்டுமா? காய்ச்சலும் இருமலும் பார்க்கிற வைத்தியனுக்கு இந்த யந்திர வித்தையில் என்ன இடம்?" என்று கேட்டிருக்கிறார். இதே சங்கடத்தில் வேறு பல இளம் வைத்தியர்களும் இருக்கிறார்கள் என்பதை அறிவேனாதலால், அவருக்கு மட்டும் தனியே எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

அவருடைய இரண்டாவது கேள்விக்கு நூறு வருஷங்களுக்கு முன்பே ஒரு மனிதர் தம் வாழ்க்கையைக் கொண்டு பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஜேம்ஸ் மெக்கன்ஸி என்பது அவர் பெயர். 1853-இல் ஸ்காட்லாந்தில் பெர்த் நகரை அடுத்த ஸ்கூன் என்னும் ஊரில் விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்து, பள்ளியை இளவயதிலேயே விட்டு மருந்துக் கடையில் வேலை பழகி, அதன் பிறகு எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் படித்து 1878-இல் பட்டம் பெற்று, மறு வருஷமே இங்கிலாந்தின் லங்காஷயர் பிரதேசத்தில் பர்ன்லி என்ற ஊரில் பொது வைத்தியராக அமர்ந்தவர். ஏறத்தாழ முப்பது வருஷம் அந்த ஊரில் இருந்தார். இருதய நோய்களைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பவற்றுள் பெரும் பகுதிக்கு அஸ்திவாரம் இடப்பட்டது அந்த முப்பது வருஷங்களில், ஒரு பொது வைத்தியரின் கையாலேதான்.

பர்ன்லி அந்நாளில் பருத்தித் தறிகளின் ஓசை ஓயாத ஊர். ஆலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த வீதிகளில் பகலெல்லாம் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்ப்பதும், மாலையில் வைத்தியசாலையில் காத்திருப்பவர்களைக் கவனிப்பதும், நள்ளிரவில் யாரேனும் வந்து கதவைத் தட்டினால் பிரசவத்துக்குப் புறப்படுவதுமாக மெக்கன்ஸியின் பொழுது கழிந்தது. ஆராய்ச்சிக்கு வேண்டியவை என்று நாம் நினைக்கும் ஆய்வுக்கூடம், உதவியாளர், அவகாசம் ஆகிய எவையும் அவரிடம் இல்லை. ஆயினும் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பேராசிரியருக்கும் கிடைக்காத பாக்கியம் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. ஒரே மனிதர்களை வருஷக்கணக்காக, சுகமாக இருக்கும்போதும் நோயுற்றபோதும், திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் பாக்கியத்தின் அருமையை அவருக்கு உணர்த்தியது ஒரு துயரம். இருதய நோய் இருந்த இளம் பெண் ஒருத்தி அவர் பொறுப்பில் பிரசவ வேதனையிலேயே இறந்துபோனாள். அந்த மரணத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க முடியுமா என்று தெரிந்துகொள்ளப் புத்தகங்களைப் புரட்டியபோது அவற்றில் விடை இல்லை. இருதயத்தில் ஓர் இரைச்சல் கேட்டால் அதற்கு இன்ன பெயர் என்று சொல்லப் புத்தகம் இருந்தது. ஆனால் அந்த இரைச்சலோடு வாழும் பெண் பிள்ளை பெறலாமா, அந்த ஆள் இன்னும் பத்து வருஷம் தறியில் நிற்கலாமா என்பவற்றைச் சொல்ல ஒருவரும் இல்லை. காரணம் எளிது. புத்தகம் எழுதியவர்கள் ஆஸ்பத்திரி வைத்தியர்கள். அவர்கள் கண்டது நோயின் கடைசி அத்தியாயத்தை மாத்திரம். முதல் அத்தியாயம் நடந்தது பர்ன்லியின் வீதிகளில். அதைப் பார்க்கக்கூடியவன் குடும்ப வைத்தியன், அவனோ எழுதிவைப்பதில்லை. இந்த உண்மையை மெக்கன்ஸி தம் ஆயுள் முழுவதும் ஓயாமல் எடுத்துச் சொன்னார். எனக்கு அவர்மீது உள்ள பக்திக்கு முதற்காரணமே இதுதான் என்று சொல்லிவிடுகிறேன்.

நாடியைத் தொட்டுப் பார்ப்பது எந்த நாட்டு வைத்தியனுக்கும் முதற்பாடம். மெக்கன்ஸியும் அங்கேதான் தொடங்கினார். மணிக்கட்டில் ஓடும் நாடி சீராக இராமல் தடுமாறுவதைப் பலரிடம் கண்டார். அந்தத் தடுமாற்றங்களில் சில அபாயமானவை, சில அபாயமற்றவை என்று சந்தேகித்தார். பிரித்தறிய விரல் போதவில்லை. நாடித் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவிகள் அப்பொழுதே இருந்தன. விளக்குப் புகையில் கரி படியவைத்த சிறு காகிதத் துண்டில் ஊசிமுனை கீறிச் செல்லும். பிறகு அந்தக் கரி கலையாதபடி வார்னிஷ் பூசிக் காயவைக்க வேண்டும். அவசரத்தில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் வைத்தியனுக்கு இவை எவ்வளவு தொல்லை என்று எண்ணிப் பாருங்கள். மேலும், மணிக்கட்டு நாடி இருதயத்தின் கீழறைகள் செய்யும் வேலையை மட்டுமே காட்டும்; மேலறைகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

மேலறைகளின் செய்தி கழுத்தில் கிடைக்கிறது என்பதைக் கண்டதே மெக்கன்ஸியின் மேதை. கழுத்தின் பெரிய சிரையில், மெலிந்த மனிதர்களைப் படுக்கவைத்துப் பார்த்தால், மெல்லிய அலையோட்டம் ஒன்று தெரியும். வலது மேலறை சுருங்கும்போது ஓர் அலை அங்கே எழும். ஒரு சிறு கிண்ணியைச் சிரையின்மேல் கவிழ்த்து, ரப்பர் குழாய் ஒன்றினால் அதை மெல்லிய சவ்வு கட்டிய உருளையோடு இணைத்து, சவ்வின் அசைவு ஒரு நெம்புகோலை அசைக்கும்படி செய்து, மணிக்கட்டு நாடியின் கோட்டுக்கு மேலேயே கழுத்துச் சிரையின் கோடும் அதே வேளையில் விழும்படி அவர் அமைத்தார். இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படித்தால், மேலறை எப்பொழுது சுருங்கியது, கீழறை எப்பொழுது சுருங்கியது, எது எதற்கு முந்தியது என்பதெல்லாம் கண்ணால் காணும் பிரத்தியட்ச விஷயமாகிவிட்டது. பாலிகிராஃப் என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. பின்னாளில், பர்ன்லியை அடுத்த பாடிஹம் என்ற சிற்றூரில் கடிகாரம் பழுது பார்க்கும் ஷா என்பவரோடு உட்கார்ந்து, கரிக்காகிதத்தை ஒழித்துவிட்டு, கடிகாரச் சக்கரங்கள் இழுத்துச் செல்லும் நீண்ட காகிதச் சுருளில் மையினாலேயே கோடுகள் எழுதும்படி யந்திரத்தைத் திருத்திக்கொண்டார். வேண்டிய நேரம் வரைக்கும் எழுதிக்கொண்டே போகலாம். பையில் எடுத்துக்கொண்டு நோயாளியின் படுக்கையண்டை போகலாம். ஒரு பெரிய தொழிற்சாலையின் யந்திர நிபுணர்கள் கூடி இதை வடித்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. ஏனென்றால், இன்ன இடத்தில் கை தடுமாறுகிறது, இன்ன இடத்தில் நேரம் வீணாகிறது என்பதைக் கடிகாரக்காரரிடம் சொன்னவர், அன்று காலையில்தான் அந்த இடத்தில் கை தடுமாறி நின்றவர்.

இனிச் சொல்லப்போவதை அந்த இளைஞர் நிதானமாகப் படிக்க வேண்டுமென்று விரும்புகிறேன். கீல்வாதக் காய்ச்சலினால் இருதயத்தின் வால்வு சுருங்கிப்போன ஒரு பெண்ணை மெக்கன்ஸி 1880 முதல் கவனித்து வந்தார். அவளுடைய இருதயத்தில் கேட்ட ஒலி இன்னது, கழுத்தில் தெரிந்த அலை இன்னது என்பதை வருஷந்தோறும் குறித்துவைத்தார். 1890-களின் இறுதியில் ஒரு சமயம் அவளுக்கு மூச்சு வாங்கியது. நாடி ஒழுங்கெல்லாம் குலைந்து, அடுத்த துடிப்பு எப்பொழுது என்று சொல்ல முடியாதபடி ஓடிற்று. கழுத்தின் கோட்டைப் பார்த்தார்: மேலறை எழுப்பும் அலையை அங்கே காணோம். செவியை வைத்துக் கேட்டார்: மேலறை சுருங்குவதனால் உண்டாகும் இரைச்சலும் மறைந்திருந்தது. அந்தக் கணத்தில் அவருக்கு விளங்கியது, மேலறை தன் வேலையை நிறுத்திவிட்டது என்பது. இன்று ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று எந்தக் கிளினிக்கிலும் சொல்லப்படும் நோயின் இயல்பு இவ்வாறுதான் முதன்முதலில் ஒரு மனிதருடைய கண்ணுக்குப் புலப்பட்டது.

அவளை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்த ஒரு வைத்தியர் இதே யந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன கண்டிருப்பார்? ஓர் அலை இல்லாத கோட்டைக் கண்டிருப்பார், அவ்வளவே. அந்த அலை முன்பு அங்கே இருந்தது என்பதும், இந்த வருஷம் போயிற்று என்பதும் பல வருஷக் குறிப்புகளை வைத்திருந்தவருக்கு மட்டுமே தெரியும். யந்திரம் கொடுத்தது பாதி. மறுபாதியைக் கொடுத்தது, ஒரே ஊரில் ஒரே மனிதர்களோடு இருந்த வாழ்வு. என் முழு வாதமும் இதில் அடங்கியிருக்கிறது. பிற்பாடு நான் சொல்பவை எல்லாம் இதன் கிளைகளே.

அந்தக் கண்டுபிடிப்பின் பயன் சிறியதல்ல. வில்லியம் விதரிங் என்ற ஆங்கில வைத்தியர் 1785-இல் உலகுக்கு எடுத்துச் சொன்ன டிஜிட்டாலிஸ் மருந்து, இப்படி ஒழுங்கு குலைந்து வேகமாக ஓடும் இருதயத்துக்கே சிறப்பாகப் பலன் தருகிறது என்பதை மெக்கன்ஸி எடுத்துக்காட்டினார். அதற்குமுன் அது எல்லா இருதய நோய்க்கும் கண்டபடி கொடுக்கப்பட்டு வந்தது. ஆனால் என் மனத்தை இதைவிட அதிகமாகத் தொடுவது மற்றொன்று. இடையிடையே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, பின் ஒரு கணம் நாடி நின்றதுபோல் தோன்றும் தடுமாற்றம் ஒன்று உண்டு; வாலிபர்களுக்கு மூச்சோடு சேர்ந்து நாடி விரைவதும் தளர்வதுமான இன்னொன்றும் உண்டு. இவற்றைக் கண்ட வைத்தியர்கள் பயந்து, விளையாடாதே, மாடி ஏறாதே, வேலைக்குப் போகாதே என்று விதித்துவிடுவார்கள். திடகாத்திரமான மனிதர்கள் வருஷக்கணக்காக நோயாளியைப்போல் வீட்டில் அடைந்துகிடந்தார்கள். மெக்கன்ஸி அப்படிப்பட்டவர்களை வருஷம் வருஷமாகத் தொடர்ந்து பார்த்து, அவர்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை என்று கண்டு, இவை அபாயமற்றவை என்று தைரியமாக எழுதினார். ஒருவனுக்கு நோய் இல்லை என்று நிச்சயமாகச் சொல்வது நோய் உண்டு என்று சொல்வதைவிடக் கடினமானது. அந்த வார்த்தையைச் சொல்லும் தகுதி, நெடுநாள் கூட இருந்து பார்த்தவனுக்கே உண்டு.

இவற்றையெல்லாம் திரட்டி நாடியைப் பற்றி 1902-இல் ஒரு பெரிய நூலும், இருதய நோய்களைப் பற்றி 1908-இல் மற்றொன்றும் வெளியிட்டார். நெதர்லாந்தின் இருதய ஆராய்ச்சியாளர் வெங்கபாக் போன்ற பெரியவர்கள் அவருக்கு நண்பரானார்கள். 1907-இல் லண்டனுக்குச் சென்றார். 1915-இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார், அரசர் அளித்த ஸர் பட்டமும் அதே வருஷத்தில் கிடைத்தது. இந்தக் கௌரவங்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு ஆவலில்லை.

எழுத வேண்டியது, யந்திரத்தைப் பற்றி அதைச் செய்தவரே கொண்டிருந்த அபிப்பிராயம். பாலிகிராஃப் என்பது வைத்தியனின் புலன்களுக்குப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர் என்றே அவர் கருதினார். கோட்டைப் பார்த்து ஒரு தடுமாற்றத்தின் உட்பொருளை ஒருமுறை அறிந்துகொண்டபின், அடுத்த நோயாளியிடம் விரலாலும் செவியாலும் கண்ணாலுமே அதைக் கண்டுகொள்ளலாம். யந்திரம் எல்லா வைத்தியர்களின் பையிலும் இருக்க வேண்டியதில்லை என்று சொன்னார். தம் கையால் செய்த பொருள் எங்கும் பரவ வேண்டும் என்று ஆசைப்படுவது மனித சுபாவம். அந்த ஆசை இல்லாமல், தாம் செய்த யந்திரம் தேவைப்படாத காலம் வரவேண்டும் என்று விரும்பியவரை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இதில் அவர் சொன்னது முழுதும் சரி என்று நான் வாதிக்க மாட்டேன். ஐந்தோவன் கண்டுபிடித்த மின்கோட்டுக் கருவி, நாம் ஈ.ஸி.ஜி. என்று சொல்வது, அந்தக் காலத்தில்தான் ஆஸ்பத்திரிகளுக்குள் நுழைந்தது. மெக்கன்ஸி தாமே ஊக்கிவிட்ட தாமஸ் லூயிஸ் என்னும் இளைஞர் அதைக் கொண்டு, மேலறை நின்றுபோவதாக மூத்தவர் கருதியது உண்மையில் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருக்கிறது என்பதை 1909-இல் தெளிவாக்கினார். மூத்தவருக்கோ அந்தப் புதுக் கருவியின்மேல் முழு நம்பிக்கை உண்டாகவில்லை. ஆய்வுக்கூடத்தில் பெருகிவந்த யந்திரங்கள் வைத்தியனை நோயாளியிடமிருந்து தூரமாக்கிவிடும் என்று அஞ்சினார். ஈ.ஸி.ஜி. விஷயத்தில் காலம் லூயிஸின் பக்கம் நின்றது. இன்று நடுநிசியில் நெஞ்சு வலியோடு வரும் ஒருவருக்கு அந்தக் காகிதம் இல்லாமல் வைத்தியம் பார்க்க நான் துணிய மாட்டேன். எனினும் அந்த அச்சத்தை வெறும் முதுமையின் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நோயாளி பேசிக்கொண்டிருக்கையில் வைத்தியரின் கண் திரையின்மேல் இருப்பதை இந்த நாளில் யார்தான் பார்க்கவில்லை?

லண்டனில் பெயரும் புகழும் உச்சத்தில் இருக்கும்போதே மெக்கன்ஸி அவற்றை விட்டுவிட்டு, 1918-இல் ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற சிறு நகரத்துக்குப் போனார். அங்கே மறு வருஷம் ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனம் தொடங்கினார். அதன் திட்டம் இன்றும் என்னை வியக்கவைக்கிறது: அந்த ஊரின் பொது வைத்தியர்களே ஆராய்ச்சியாளர்கள், அந்த ஊர் மக்களின் நோய்களை அவை தலைகாட்டும் நாள் முதல் குறித்துக்கொண்டே வரவேண்டும், சர்வகலாசாலையின் விஞ்ஞானிகள் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். கணினி என்ற சொல்லே பிறவாத காலத்தில், ஓர் ஊர் முழுவதன் ஆரோக்கிய வரலாற்றை ஏட்டில் தொகுக்க முயன்ற காரியம் அது. 1925 ஜனவரியில் அவர் இருதய நோயாலேயே காலமானார். அவருக்குப்பின் ஸ்தாபனம் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

விதை வேறோரிடத்தில் முளைத்தது. வடக்கு இங்கிலாந்தில் ஆடு மேய்க்கும் பள்ளத்தாக்கான வென்ஸ்லிடேலில், எய்ஸ்கார்த் என்னும் கிராமத்து வைத்தியராக இருந்த வில்லியம் பிக்கிள்ஸ், மெக்கன்ஸியின் நூல் ஒன்றை 1926-இல் படித்துவிட்டு, கிராம வைத்தியனும் ஆராய்ச்சி செய்யலாம் என்று தெம்படைந்தார். அவருடைய தொழில்நுட்பம், கட்டம் போட்ட காகிதமும் வர்ணப் பென்சிலும். ஒவ்வொரு கிராமத்திலும் எந்த நாளில் யாருக்கு எந்தத் தொற்றுநோய் கண்டது என்பதை, மனைவியும் மகளும் துணை செய்ய, நாள் தவறாமல் கட்டத்தில் நிரப்பினார். 1929-இல் அந்தப் பள்ளத்தாக்கில் மஞ்சள் காமாலை பரவி, 5,700 பேரில் 250 பேருக்குமேல் படுத்தார்கள். பிக்கிள்ஸுக்கு ஒவ்வொரு வீடும் தெரியும், யார் யாருக்கு உறவு, யார் யாரோடு சிநேகம் என்பதும் தெரியும். காலையில் தாம் போய்ப் பார்த்தபோது காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு பெண், அன்று கிராமத்தில் நடந்த விழாவுக்கு எழுந்து வந்துவிட்டாள் என்பதைப் பிறகு கேட்டறிந்தார். விழாவில் அவளோடு பழகியவர்களுக்கு நோய் கண்ட நாட்களைக் கணக்கிட்டார். நோய் தொற்றுவதற்கும் வெளிப்படுவதற்கும் இடையே 26 முதல் 35 நாள் செல்கிறது என்று நிர்ணயித்தார். பெரிய நகரத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் பேரோடு கலந்துவிடுவதால் இந்தக் கணக்கு எவருக்கும் சாத்தியப்படவில்லை. 1939-இல் அவர் எழுதிய நூல் தொற்றுநோய் விசாரணையில் பிரமாண நூலாயிற்று. பொது வைத்தியர்களுக்கென்று பிரிட்டனில் தனிக் கல்லூரி ஏற்பட்டபோது அதன் முதல் தலைவராக 1953-இல் அமர்ந்தவரும் அவரே.

கணினி வந்தபோதும் கதை மாறவில்லை. பிரிட்டனில் ஒவ்வொரு பிரஜையும் ஒரு பொது வைத்தியரிடம் பதிவு செய்துகொள்கிறார். வேறு ஊருக்குப் போனால் அவருடைய குறிப்புகளும் பின்தொடர்ந்து போகின்றன. லாயிட் ஜார்ஜ் என்ற மந்திரியின் பெயரால் வழங்கிய சிறு பழுப்பு நிறக் காகித உறைகளில் அந்தக் குறிப்புகள் பல பத்தாண்டுகள் திணிக்கப்பட்டுவந்தன. அவற்றைக் கணினிக்குள் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் தொழில் பார்த்துக்கொண்டிருந்த பொது வைத்தியர்களே. எக்ஸெட்டரில் ஜான் ப்ரீஸ் 1970-களிலேயே நோயாளியைப் பார்க்கும் அறையில் கணினித் திரையை வைத்துக்கொண்டார். லஃப்பரோவில் ஜேம்ஸ் ரீட், வைத்தியன் அன்றாடம் எழுதும் ஒவ்வொரு நோய்க்கும் அறிகுறிக்கும் மருந்துக்கும் ஒரு குறியீடு வகுத்தார். 1980-களில் பிறந்த அந்தக் குறியீடுகள் 2018 வரை அந்த நாட்டின் பொது வைத்தியத்தில் வழங்கின. யார்க்ஷயரின் எக்டன் கிராமத்தில் சொவர்பி, ஸ்டேபில்ஸ் என்னும் இரு வைத்தியர்கள் தங்கள் சொந்தத் தேவைக்காக எழுதத் துவங்கிய மென்பொருள், 1987-இல் கம்பெனியாகி, இன்று அந்த நாட்டுக் கிளினிக்குகளில் பெரும்பகுதியில் ஓடுகிறது. இதற்கு எதிர்க்காட்சியும் உண்டு. நாடு முழுவதற்கும் மேலிருந்து ஒரே அமைப்பைக் கொண்டுவர அரசாங்கம் 2002-இல் தொடங்கிய பெரும் திட்டம், பல நூறு கோடி பவுண்டுகள் செலவானபின் 2011-இல் கலைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

கொரோனாக் காலத்தில், யாருக்கு அந்த நோய் மரண பரியந்தம் போகிறது என்று உலகமே தவித்துக்கொண்டிருந்தபோது, 2020 ஜூலையில் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் 1.7 கோடிப் பேருடைய பொது வைத்தியக் குறிப்புகளை ஆராய்ந்து பதில் சொன்னார்கள். அந்தக் குறிப்புகளை எங்கும் வாரி எடுத்துச் செல்லாமல், அவை இருந்த இடத்திலேயே, பெயர்கள் வெளிப்படாத முறையில் கணக்கிட்டார்கள் என்பதை மரியாதையோடு குறிப்பிட வேண்டும். அத்தனை கோடி வரிகளையும் யாரோ ஒரு வைத்தியர், யாரோ ஒரு நர்ஸ், ஏதோ ஒரு சாதாரண நாளில் தட்டிவைத்திருந்தார்கள். பிக்கிள்ஸின் கட்டக் காகிதம்தான் அவ்வளவு பெரிதாக வளர்ந்திருந்தது.

நம் ஊருக்கு வருகிறேன். இங்கே வைத்தியக் குறிப்பு கிளினிக்கில் இருப்பதில்லை. நோயாளியின் மஞ்சள் பையில் இருக்கிறது. நாலு டாக்டர்கள் எழுதிய சீட்டுகள், ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்துக் கடை பில்கள் யாவும் மடித்து மடித்து அந்தப் பையில் கிடக்கும். ஈ.ஸி.ஜி. எடுக்கும் காகிதம் சூட்டினால் கோடு விழும் காகிதமாதலால், சில வருஷத்தில் வெளிறி, இருந்த கோடு இல்லாமற் போகிறது. மெக்கன்ஸியின் மை எழுத்துக்கு இருந்த ஆயுள் அதற்கு இல்லை. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25-ஆம் தேதியன்றே தொலைவிலிருந்து வைத்தியம் பார்ப்பதற்கான விதிமுறைகள் வெளிவந்தன. 2021-இல் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க ஆரோக்கிய எண் கொடுக்கும் திட்டம் தேசம் முழுமைக்கும் விரிந்தது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் எண் இருந்தால் போதாது. இந்த எண்ணுக்கு உரிய மனிதர் என்னுடைய பொறுப்பு என்று சொல்ல ஒரு வைத்தியர் இருக்க வேண்டும். அந்தப் பதிவு முறை நம்மிடம் இல்லை. என்னிடம் இன்று வருகிறவர் அடுத்த மாதம் கும்பகோணத்துக்குப் போவார், அதற்கடுத்த மாதம் தஞ்சாவூருக்குப் போவார், பிறகு ஒருவரிடமும் போகமாட்டார். எங்கே போனார், ஏன் போகவில்லை என்று கேட்கும் கடமை ஒருவருக்கும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டத்தை நான் மதிப்பது இதனாலேயே: ரத்த அழுத்த மாத்திரையோடு ஒரு பெண் ஊழியர் வாசற்படிக்கு வந்து, "போன மாதம் கொடுத்ததைச் சாப்பிட்டீர்களா, அம்மா?" என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்விக்குள் இருக்கும் விஞ்ஞானத்தை எந்த மென்பொருளும் இன்னும் எட்டவில்லை.

ஆகையால் அந்த இளைஞருக்கு நான் சொல்வது இது. கம்பெனிக்குப் போகலாம், ஆனால் வாரத்தில் பாதி நாளாவது ஒரே ஊரில், ஒரே நாற்காலியில், ஒரே ஜனங்களைப் பார்க்க விடும்படி முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொண்டு போகவேண்டும். அதற்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால் அந்த வேலை வேண்டாம். அவர்கள் அவரை அழைப்பது அவருக்குக் கணினி தெரியும் என்பதற்காக அல்ல. கணினி தெரிந்தவர்கள் பெங்களூரில் குறைவில்லை. நோயாளி எந்த இடத்தில் பொய் சொல்வார், எந்த இடத்தில் வெட்கப்படுவார், எந்த மாத்திரையை மருமகளுக்குத் தெரியாமல் நிறுத்துவார் என்பது அவருக்குத் தெரியும் என்பதற்காக அழைக்கிறார்கள். நோயாளியைப் பார்ப்பதை நிறுத்திய இரண்டொரு வருஷத்தில் அந்த அறிவு பழசாகிவிடும்.

இன்னொன்று: கேள்வியைக் கம்பெனியிடமிருந்து வாங்கிக்கொள்ளாமல் தம் கிளினிக்கிலிருந்து எடுத்துக்கொண்டு போகட்டும். ஒரு கேள்வியை நானே தருகிறேன். எங்கள் பக்கத்தில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்குகிறவர்களில் பலர் சில மாதங்களில் நிறுத்திவிடுகிறார்கள். தலைசுற்றல் நின்றுவிட்டது என்பதால் சிலர். அறுவடைக் காலத்தில் கிளினிக்குக்கு வர முடியாமல் சிலர். யாரோ சொன்ன கஷாயத்தை நம்பிச் சிலர். கடையில் மாத்திரையின் நிறம் மாறி வந்ததால் சந்தேகப்பட்டுச் சிலர். எவர் எந்த மாதத்தில் எதனால் நிறுத்துகிறார் என்பதை இங்கே ஒருவரும் தொகுத்து எழுதவில்லை. ஒரு கிராமம் போதும். வீட்டு வரிசைப்படி ஒரு பதிவேடு, சாதாரணக் கைபேசியில் இயங்கும்படி. மாதம் ஒருமுறை அழுத்தம் எவ்வளவு, மாத்திரை உண்டா இல்லையா, இல்லையென்றால் அவர் தம் வாயால் சொன்ன காரணம் என்ன. எழுதுவதற்குமுன் அவருடைய சம்மதம். எழுதியதைப் பார்க்கவும் திருத்தவும் அவருக்கு உரிமை. காரணத்தை எழுதும் இடத்தில் மாத்திரம் தயாராகச் செய்துவைத்த நான்கைந்து பதில்களைப் போட்டு, அவற்றில் ஒன்றைத் தொடச் சொல்லக்கூடாது. நோயாளி சொன்ன வாக்கியத்தை அப்படியே, அவர் பேச்சிலேயே, எழுத இடம் விடவேண்டும். மூன்று நான்கு வருஷம் அந்த வாக்கியங்களைப் படித்துப் பார்த்தபிறகு குறியீடுகள் வகுத்துக்கொள்ளலாம்.